அப்பா காருக்கு வெள்ளி கலர்

இல்லைங்க, பயப்படாம தொடுங்க. காஞ்சிடுச்சு, கையில ஒட்டாது. அண்ணன் வர நேரமாகும், கடைத்தெருவுக்குப் போயிருக்கான். ஆமா, நான் தங்கச்சி. பெயிண்ட் அடிச்சதும் நான்தான். ஏன் அப்படிப் பாக்குறீங்க? பொம்பளை கையில ஸ்ப்ரே கன் இருந்தா பெயிண்ட் வரமாட்டேன்னா சொல்லும்? பீரோ கம்பெனியில எனக்கு அதான் வேலை. ஆனா பீரோ வேற மாதிரிங்க. பச்சைன்னா பச்சை, பழுப்புன்னா பழுப்பு, தகடு மறைஞ்சா முடிஞ்சது. இந்த மினுமினுக்குற வெள்ளி கலரை இப்பதான் முதல்முதலா அடிக்கிறேன். இனிமே எவன் கேட்டாலும் கிடையாது.

அண்ணன் கேட்டப்பவே முடியாதுன்னேன். பீரோவும் இரும்பு, காரும் இரும்பு, உனக்கென்ன வந்துச்சுன்னான். அப்புறம், அப்பா காராச்சே, வேற எவன் கையோ படணுமான்னு ஒரு வார்த்தை சேத்துக்கிட்டான் பாருங்க, அதுல மசிஞ்சிட்டேன்.

சுரண்ட ஆரம்பிச்சா, ச்சீ. கதவுக்கு அடியில துரு, நமுத்துப்போன பிஸ்கட் மாதிரி பொலபொலன்னு உதிருது. அது மேலயே பட்டி பூசி மூடிடு, வாங்குறவன் குனிஞ்சா பாக்கப் போறான்னு சொல்றான் அண்ணன். கூடப் பொறந்தவ முகத்துக்கு நேரா சொல்றான் பாருங்க. நான் கேக்கல. வெல்டிங்காரரைக் கூட்டிட்டு வந்து புதுத் தகடு வெச்சேன். நீங்க நல்லா குனிஞ்சே பாருங்க.

அதோட விட்டானா? அப்பா இடுப்பு வலிக்கு முதுகுக்குப் பின்னால ஒரு தலையணை வெச்சிருப்பாரு, டிரைவர் சீட்டுல. செத்த எலியைத் தூக்குற மாதிரி ரெண்டு விரல்ல தூக்கிக் குப்பையில போட்டான். போட்டுட்டுக் கையை மோந்து பாத்தான். எனக்கு அருவருப்பா போயிடுச்சு. தலையணையைப் பாத்து இல்லைங்க.

அடிக்கிறதா? அது ஒரு பெரிய கூத்து. அந்தப் பெயிண்ட்டுல பொடிப்பொடியா மின்னுற தூள் இருக்கும். பீரோவுக்கு அடிக்கிற பழக்கத்துல நான் கிட்டக்க நின்னு சொதசொதன்னு அடிச்சுட்டேன். ஈரத்துல அந்தத் தூளெல்லாம் நீந்திப் போய் ஒரு பக்கமா கூடிக்கிச்சு. முன்பக்க பானெட் முழுக்கப் பட்டை பட்டையா கருப்பு. சேத்துல புரண்ட பூனை மாதிரி நிக்குது காரு. ஒரு கொசு வேற வந்து உக்காந்து, கால் ஆறையும் பரப்பிட்டு அங்கேயே செத்துப்போச்சு. அண்ணன் வாங்கிக் குடுத்த துணி மாஸ்க்குல ஒண்ணும் நிக்கல. மூக்கைச் சிந்தினா வெள்ளி வெள்ளியா வருது. சோத்துல தின்னர் வாசனை, தண்ணியில தின்னர் வாசனை. என் புருஷன் பக்கத்துலயே வரல.

காய வெச்சுத் தேய்ச்சுட்டு, பெயிண்ட் கடைக்காரர்கிட்ட போய் நின்னேன். அவர் சிரிச்சுட்டுச் சொன்னாரு, கடைசிக் கைக்குக் காத்தைக் கொறைச்சு, தள்ளி நின்னு, பனி இறங்குற மாதிரி விடும்மா, தூள் அது பாட்டுக்குப் படுத்துக்கும்னு. அப்படித்தான் விட்டேன். நிஜமாவே படுத்துக்கிச்சுங்க. ஆனா மேல கிளியர்னு கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு அடிக்கிற வரைக்கும் பளபளப்பே இருக்காது, சாம்பல் பூசின மாதிரிதான் இருக்கும். அதைப் பாத்துட்டு அண்ணன், கெடுத்துட்டியே பாவின்னு குதிச்சான். இவ்வளவு பாடுபட்டதுக்கு அதான் கிடைச்ச பேரு.

அதுகூடப் போகட்டும். கிளியரும் அடிச்சு முடிச்சுட்டு கம்ப்ரஸரை நிறுத்துறேன். அதுவரைக்கும் அந்த இரைச்சல்ல காது அடைச்சிருந்துச்சா, திடீர்னு அண்ணன் போன்ல பேசுறது துல்லியமா கேக்குது. ஆமாங்க, உங்ககிட்டதான். என்ன குரல் அது, அப்படியே தழுதழுக்குது. அப்பா போனதுலேருந்து இந்தக் காரைக் கண்ணால பாக்க முடியலைங்க, நல்ல மனுஷன் கையில போய்ச் சேந்தா போதும்னு சொன்னான். நீங்களும் பாவம், மனசு கேக்காம, சொன்ன விலைக்கே எடுத்துக்கிறேன்னுட்டீங்க. போனை வெச்சுட்டு அவன் சிரிச்ச சிரிப்பு இருக்கே. தின்னர் வாசனைகூட பரவாயில்லைன்னு ஆயிடுச்சுங்க எனக்கு.

ஐயோ, நீங்க எதுக்கு மன்னிப்பு கேக்குறீங்க? உங்க மேல ஒண்ணும் இல்ல. சொல்லத்தான் நிக்க வெச்சேன். அவன் வந்துட்டா சொல்ல விடமாட்டான்.

அப்படியே திரும்பி மாடி ஜன்னலைப் பாருங்க. நாற்காலியில உக்காந்து இடது கையை ஆட்டுறாரே, அவர்தான் எங்க அப்பா. வலது கை வராது, காலும் வராது, பேச்சு கொஞ்சம் குழறும். மத்தபடி நல்லாதான் இருக்காரு. நான் அடிக்கிறதை முழுசா அங்கேருந்துதான் பாத்தாரு. பட்டை பட்டையா போனப்ப அவர்தான் முதல்ல தலையில அடிச்சுக்கிட்டாரு. காருக்குச் சொந்தக்காரர் அவர்தான், சாவியும் அவர்கிட்டதான் இருக்கு. விக்கிற பேச்சு இன்னும் அவர் காதுக்குப் போகல.

வேணும்னா அவரையே கேளுங்க. குடுத்தாலும் குடுப்பாரு. வாங்க, படி கொஞ்சம் செங்குத்தா இருக்கும், பாத்து ஏறுங்க.