ஜென்னியின் பின்கழுத்து

நவம்பர் மாதம். மாலை நாலரை மணி. பழைய மாவு ஆலையிலிருந்து ரீத் கிராமத்துக்கு ஏறும் சாலை. அந்த நேரத்துக்கே இருட்டிவிடும். இரண்டு பக்கமும் கற்சுவர், அதற்கப்பால் ஆடுகள். மழை விட்டிருந்தது, ஆனாலும் எங்கோ சொட்டிக்கொண்டே இருந்தது... அந்தச் சாலையில் ஹெர்பர்ட் ஆல்டர்சன் தூண்டில் கோலோடு ஓடிக்கொண்டிருந்தார்.

ஹெர்பர்ட் யாரென்றால், நம் கிளிஃபின் அக்கா மேவிஸைக் கட்டியவர். பாலாடைக்கட்டி ஆலையில் வேலை. கதை கட்டுகிற ஆளே இல்லை. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், இதைச் சத்தமாகச் சொல்ல எனக்குப் பிடிக்காது.

சர்ச்சில் நடந்த பழைய சாமான் விற்பனையில் அவருக்கு ஒரு நோட்டு கிடைத்திருந்தது. நூறு வருஷத்துக் கையெழுத்து. ட்ரௌட் மீனை ஏமாற்றத் தூண்டில் முள்ளில் கட்டுகிற பொய் ஈக்கள், அதுவும் தண்ணீருக்குள் மூழ்கி ஓடுகிறவை, ஒவ்வொன்றையும் எப்படிக் கட்டுவது என்று. என்ன பட்டு நூல், எதன் மயிர், எந்தப் பறவையின் இறகு. எல்லாம் ஒற்றை வரியில். எழுதியவனுக்குப் புரிந்தால் போதும் என்று எழுதியது. பன்னிரண்டு ஈக்களை ஹெர்பர்ட் எப்படியோ புரிந்துகொண்டு கட்டிவிட்டார். பன்னிரண்டுக்கும் மீன் விழுந்தது. பதிமூன்றாவதுதான் அவரைத் தூங்கவிடவில்லை.

‘ஜென்னி. பின்கழுத்து. நனைந்தபடியே எடுத்தது. இரண்டு சுற்று.’

“ஜென்னின்னா ரென் குருவிதானேப்பா. இதுல என்ன குழப்பம்?” என்றார் கூட்டாளி பெர்சி.

“குருவிய எவனாவது நனைச்சு இறகு பிடுங்குவானா?”

“மேவிஸ் ஒருநாள் உன்னையும் அந்த நோட்டையும் சேர்த்து வெளிய தூக்கிப் போடப்போறா, பாரு.”

குருவி இறகில் கட்டிப் பார்த்தார். ஒரு மீன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சாப்பிடும்போதும் அவர் விரல்கள் வெறுங்காற்றில் நூல் சுற்றின. எழுந்து நடப்பார். உட்கார்வார். மறுபடி பூதக்கண்ணாடியை எடுப்பார். ஒருநாள் அப்படிப் புரட்டும்போது நோட்டின் அட்டை ஒட்டு விட்டது. உள்ளே மடித்த காகிதம். காகிதத்துக்குள் செம்பழுப்பாக ஒரு சுருள். பட்டு என்று நினைத்து விளக்கில் பிடித்தார்... முடி. மனித முடி.

காகிதத்தில் அதே கையெழுத்து. ‘ஆலை அணையில் எடுத்தோம். வயது பத்தொன்பது.’

அப்படியே மூடி வைத்திருக்கலாம். ஹெர்பர்ட் முள்ளை எடுத்தார். கட்டினார். இரண்டு சுற்று.

அன்று மாலை நாலு மணிக்கு அணைக்குக் கீழே நின்று வீசினார். முதல் வீச்சிலேயே பிடித்தது. மீனின் வெடுக்கென்ற இழுப்பு இல்லை. யாரோ சட்டைக் கையைப் பிடித்து இழுப்பதுபோல, மெல்ல... பிறகு நூல் தளர்ந்தது. அதன் மறுமுனை தண்ணீரை விட்டுக் கரையேறியது. புல்லில் சளக்... சளக்... நனைந்த கம்பளி நாற்றம்.

பாலத்திலிருந்து பெர்சி கத்தினார். “ஹெர்பர்ட்! யாருப்பா அது உன் பின்னாடி?”

திரும்பிப் பார்க்காமல் நூலை அறுத்துவிட்டு ஓடினார். அப்படித்தான் அந்தச் சாலையில் ஓடியது.

வீட்டுச் சமையலறையில் விளக்கு எரிந்தது. மேவிஸ் கணப்புக்குப் பக்கத்தில், காலி நாற்காலி ஒன்றின் பின்னால் நின்றிருந்தாள். கையில் சீப்பு.

“கதவச் சாத்து, குளிருது. பாவம், வாசல்ல நடுங்கிக்கிட்டு நின்னா, உள்ள கூப்பிட்டேன். உன்னத்தான் தேடி வந்தாளாம்.” சீப்பு காற்றில் இறங்கியது. பாதியில் நின்றது. “இங்க பாரேன்... எவனோ பின்னாடி ஒரு கொத்து மட்டும் வெட்டியிருக்கான்.”

அந்த வாரமே நோட்டை எரித்துவிட்டு, வீட்டைக் காலி செய்து, லீட்ஸில் நாலாவது மாடிக்குக் குடிபோனார்கள். மேவிஸ் நன்றாகத்தான் இருக்கிறாள். முன்பைவிட அதிகமாகச் சிரிக்கிறாள். மூன்று பேருக்குச் சமைக்கிறாள்.

போன மாதம் கிளிஃப் அங்கே போயிருந்தபோது கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். கோபம்கூட இல்லை, அலுத்துப்போன முகம்.

“மறுபடியும் எங்க கூரையில ஒழுகுதுங்க.”

குழாய்க்காரர் மூன்று தடவை வந்து பார்த்துவிட்டாராம். அந்த இடத்தில் குழாயே கிடையாதாம். கொண்டுவந்த வாளியைக் கீழ்வீட்டுக்காரர் கிளிஃபிடம் சாய்த்துக் காட்டினார். கலங்கல் தண்ணீர். அடியில் நாலு விரல் உயரத்துக்கு... ஆற்று மணல்.