மூன்று பேர் பங்கு, ஒருவன் சட்டைப்பை

எனது பெயர் தொனாத்தோ நினிவாஜ்ஜி, தகப்பனார் பெயர் பியேத்ரோ, வயது 41. இத்தாலியின் அல்தமூரா ஊரில் புனித மர்க்கோ தெருவில் மனைவியுடன் வசிக்கிறேன். பேக்கரி ஒன்றின் ரொட்டி வண்டியை ஓட்டிப் பிழைக்கிறேன். யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் இதைச் சொல்லவில்லை. வெட்கம் தாங்காமல் நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

நானும், என் மைத்துனர் சவீனோவும், சிறு வயது முதல் கூட்டாளியான நுன்சியோ கொர்னாக்கியாவும் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து கஞ்சா புகைப்பது வழக்கம். கொஞ்சமாக வைத்திருந்தால் சிறை இல்லை என்பது ஊருக்கே தெரியும். ஆனால் ஓட்டுநர் உரிமத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்பது வண்டி ஓட்டிப் பிழைக்கிறவனுக்குத்தான் உறைக்கும். சவீனோ லாரி ஓட்டுகிறார். நுன்சியோவுக்கு வலிப்பு நோய் உள்ளதால் உரிமமே கிடையாது. ஆகவே எப்போது வாங்கினாலும் மூவர் பங்கும் அவன் சட்டைப்பையில்தான் இருக்கும். முன்பு ஒரு முறை பிடிபட்டபோது மாவட்ட அலுவலகத்துக்கு அவன் மட்டும் போய், எச்சரிக்கை வாங்கி வந்தான். அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்தோம்.

கடந்த மாதக் கடைசி ஞாயிறு மதியம் நாங்கள் மூவரும் எனது காரில் மாத்தேரா சாலையில் வந்தோம். கனடாவில் தன் தங்கைக்குக் குழந்தை பிறந்திருப்பதாகவும், பார்க்கப் போக வேண்டும் என்றும், இன்னொரு தடவை மாட்டினால் பாஸ்போர்ட்டை முடக்கிவிடுவார்கள், இந்த முறை தன்னால் வைத்துக்கொள்ள முடியாது என்றும் நுன்சியோ சொன்னான். அதற்கு நான், "உனக்கு என்னடா போகப்போகுது? எங்களுக்குப் பொழப்பே போயிடும்" என்றேன். அவன் பொட்டலத்தை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அதன் பிறகு போலீசார் வண்டியை மறித்துச் சோதனை போட்டார்கள். மூவர் பங்கும் ஒரே பையில் இருந்ததால் அளவு மீறிப்போய், புகைக்கிறவன் விற்கிறவன் ஆகிவிட்டான். போலீஸ்காரர் என்னைப் பார்த்து, இதில் எனக்குப் பங்கு உண்டா என்று கேட்டார். நான், "எனக்கு அந்தப் பழக்கமே இல்லைங்க சார். அவன் வெச்சிருந்ததே தெரியாது" என்றேன். சவீனோவும் அதையே சொன்னார். நுன்சியோ காது கேட்கும் தூரத்தில்தான் நின்றான். ஜீப்பில் ஏறும் முன் என்னிடம், "டேய், சாப்பாட்டுக்கு வரமாட்டேன்னு எங்கம்மாகிட்ட சொல்லிடு" என்றான்.

அதைக்கூட நான் சொல்லவில்லை. அந்த அம்மாள் போன் செய்தபோது எடுக்கவில்லை. மறுநாள் அவர் தெருவில் ரொட்டி போடப் போனபோது வண்டியருகே வந்து, "நீ நல்லவனா இருக்கியே சாமி, கூடவே இருந்து அவனுக்கு ஒரு புத்தி சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். நான் காசு வாங்காமல் ஒரு ரொட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

நுன்சியோ யாருக்கும் விற்றதில்லை. அந்தப் பொட்டலத்தை விலைக்கு வாங்கியவன் நான். அதில் மூவருக்கும் பங்கு உண்டு.

மேலே கண்டதை அதிகாரி வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது, எல்லாம் உண்மை. எனது ஓட்டுநர் உரிமத்தை இத்துடன் மேசைமேல் வைத்துள்ளேன். ரொட்டி வண்டி வெளியே நிற்கிறது. அதை எடுத்துப்போக வேறு ஆள் வர வேண்டும்.

ஒப்பம்: தொனாத்தோ நினிவாஜ்ஜி