பிலாவடி ஏற்றத்தில் எடுத்த இரண்டு கற்கள்

பெயர்: எட்சன். தகப்பனார் பெயர்: ஞானசிகாமணி. வயது: 48. தொழில்: ரப்பர் பால்வெட்டு. முகவரி: 7/42, பிலாவடி, சிதறால் அருகில், விளவங்கோடு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம். வாக்குமூலம் கொடுத்த நாள்: 22.11.2024.

நான் மேற்படி முகவரியில் என் மனைவி ராகேலுடன் குடியிருந்து வருகிறேன். என்னை யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ இங்கே அனுப்பவில்லை. நேற்றுக் காலை நானாகவே காவல் நிலையத்துக்குப் போய் ஆய்வாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "கேசு முடியப்போற நேரத்துல ஒமக்கு என்ன கிறுக்கா வே?" என்று கேட்டார். அதன் பிறகு நீதிமன்றத்தில் சொல்லும்படி அனுப்பி வைத்தார். நடுவர் அவர்கள், நான் எதையும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்றும், சொன்னால் அது எனக்கு எதிராகவே பயன்படும் என்றும் எடுத்துச் சொல்லி, யோசிக்க இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். பத்து நாளாக யோசித்துவிட்டபடியால் அந்த இரண்டு மணி நேரமும் வராந்தாவில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

12.11.2024 அன்று பிலாவடி ஏற்றத்தில் கேரவன் வண்டி பின்னால் உருண்டு முத்துக்கனி என்ற பெண்ணின் வலது கால் நசுங்கிய வழக்கில், சக்கரத்துக்கு முட்டு வைக்காமல் அந்த வண்டியை ஜீப்பிலிருந்து கழற்றியதாக ஓட்டுநர் அனில்குமார் மேல் குற்றம் சுமத்தப்பட்டுள்ளது. அவர் முட்டு வைத்திருந்தார். அதைச் சொல்லத்தான் வந்தேன். அவருக்குக் குவைத்தில் வேலை கிடைத்து விசா வந்திருக்கிறது. இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் போலீஸ் சான்று கொடுக்காவிட்டால் விசா போய்விடும், இந்த வழக்கு அவர் தலையில் இருக்கும்வரை சான்று கிடைக்காது.

நடந்ததைச் சொல்வதற்கு முன் என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2013-ஆம் ஆண்டு ஜூன் மாதம் என் தம்பி வினோஜ், வயது 28, மார்த்தாண்டத்தில் வேலை முடிந்து மழையில் பைக்கில் வரும்போது, பிலாவடி ஏற்றத்தில் ரோட்டில் கிடந்த கல்லில் ஏறி விழுந்து அங்கேயே இறந்தான். குவாரி லாரிகள் அந்த ஏற்றத்தில் எஞ்சின் சூடாகி நின்றுவிடும். அப்போது வண்டி பின்னால் உருளாமல் இருக்க, ரோட்டோரம் கிடக்கும் கல்லை எடுத்துச் சக்கரத்துக்குப் பின்னால் முட்டாக வைப்பார்கள். வைக்கும்போது எல்லோரும் குனிவார்கள். போகும்போது குனிந்து அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போட்ட ஒருவனை இதுவரை நான் பார்த்ததில்லை. என் தம்பி ஏறி விழுந்த கல்லை வைத்தவன் யார் என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியாது. தம்பி கவனக்குறைவாக ஓட்டி விழுந்ததாக எழுதி வழக்கை முடித்துவிட்டார்கள்.

அதன் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். காலையில் ரப்பர் மரங்களில் பால்வெட்டி முடித்தபின், மரத்தில் கட்டிய சிரட்டைகளில் பால் நிறைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் ஏற்றத்தின் அடியிலிருந்து மேலே வரை நடந்து, ரோட்டில் கிடக்கும் கல்லை எல்லாம் எடுத்து, ரோட்டின் இரண்டு பக்கமும் உள்ள ஓடையில் போட்டுவிட்டு, மேலே உள்ள கடையில் டீ குடித்துத் திரும்புவேன். மழையானாலும் பண்டிகையானாலும் பதினொரு வருடமாக இதைச் செய்து வருகிறேன். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் கிறுக்கன் என்பார்கள். நான் டீ குடிக்கப் போவதாகத்தான் ராகேல் நினைத்துக்கொண்டிருந்தாள்.

சம்பவத்தன்று செவ்வாய்க்கிழமை. காலை சுமார் எட்டு மணிக்கு ஏற்றத்தின் அடியில் வந்தபோது, அங்கே கூடை வைத்து அன்னாசிப்பழம் நறுக்கி விற்கும் முத்துக்கனி, வயது சுமார் 62, என்னைப் பார்த்து, "ஏலே எட்சா, ஒருத்தன் வீட்டையே கெட்டி இழுத்துட்டு வந்து நடுவழில நிறுத்திப் போட்டுருக்கான். போய்ப் பாரு" என்று சிரித்தார். நான் மேலே நடந்தேன். பாதி ஏற்றத்தில் ஒரு ஜீப்பும், அதன் பின்னால் கொக்கியில் மாட்டிய கேரவன் வண்டியும் நின்றன. கட்டிலும் அடுப்பும் உள்ளே வைத்து, சிதறால் மலை பார்க்க வருகிறவர்களுக்குத் தங்குவதற்கு வாடகைக்கு விடுகிற வண்டி அது. அதற்கு எஞ்சின் கிடையாது, தனி பிரேக்கும் கிடையாது. ஜீப்பில் ஆள் இல்லை. கிளட்ச் கருகிய வாடை அடித்தது. ஹேண்ட்பிரேக் இழுத்துவிடப்பட்டிருந்ததை எட்டிப் பார்த்தேன்.

கேரவனின் இரண்டு சக்கரத்துக்கும் பின்னால் ஒவ்வொரு கல் இருந்தது. ஒன்று கருங்கல். மற்றது ஒரு பக்கம் வெள்ளைப் பெயிண்ட் அடித்த உடைந்த கல். இரண்டுமே சக்கரத்தைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி இருந்தன. கல்லை வைத்தபின் ஜீப்பை இன்னொரு தடவை முன்னால் எடுத்துப் பார்த்து, முடியாமல் விட்டிருக்கிறார் என்று பார்த்ததும் தெரிந்தது. நிற்கிற வண்டிக்கு வைத்த கல்லை எங்கள் பக்கம் யாரும் தொடமாட்டார்கள். எனக்கும் அது தெரியும். ஆனால் ஜீப் முன்னால் பிடித்துக்கொண்டு நிற்கிறது, கல்லுக்கு வேலை இல்லை, இவனும் இதை இப்படியே போட்டுவிட்டுத்தான் போவான் என்று நினைத்தேன். நினைத்ததும் ஆத்திரம் வந்தது. அந்த மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பார்க்காத ஆள்மேல் ஆத்திரப்பட்டு இரண்டு கல்லையும் எடுத்து, வலப்பக்க ஓடையில் புதருக்குள் எறிந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு மேலே போனேன்.

டீக்கடையில் ஓட்டுநர் அனில்குமார் உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து டீ வாங்கினேன். அவர் என்னிடம், "அண்ணே, இந்த ஏத்தம் இவ்வளவு மோசம்ணு ஆரும் சொல்லல்ல" என்றார். "ஏறிப் பாத்தாத்தானே தெரியும்" என்று நான் சொன்னேன். அதன் பிறகு அவருக்கு வண்டி உரிமையாளர் மீரா முகைதீனிடமிருந்து போன் வந்தது. வேறு பிக்கப் வண்டி வருவதாகவும், அது வருவதற்குள் ஜீப்பைக் கழற்றி ஓரமாக்க வேண்டும் என்றும் பேசிக்கொண்டார்கள். நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

அவர் கழற்றப் போகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. கல் இல்லை என்பதும் எனக்குத்தான் தெரியும். இரண்டையும் சேர்த்து அப்போது நினைக்கவில்லை என்று நான் சொல்லலாம், யாரும் மறுக்க முடியாது. ஆனால் நினைத்தேன். போனதும் பார்ப்பார், கல் இல்லை என்றால் வேறு கல் வைப்பார், ஓட்டுநருக்கு இது கூடத் தெரியாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் வாயைத் திறந்தால், ஏன் எடுத்தாய் என்று கேட்பார், பதினொரு வருடக் கதையை முன்பின் தெரியாத ஆளிடம் சொல்ல வேண்டிவரும். டீயும் பாதி இருந்தது. அவர் எழுந்து போனார். நான் மீதி டீயைக் குடித்தேன்.

அதன் பிறகு சுமார் பத்து நிமிடத்தில் கீழே பெரிய சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தபோது ஜீப் நின்ற இடத்திலேயே நின்றது. கேரவன் சுமார் நூற்றைம்பது அடி பின்னால் உருண்டு, ரோட்டை விட்டு விலகி, முத்துக்கனியின் கூடைக்கு மேல் ஏறி மண்திட்டில் இடித்து நின்றது. நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வண்டியைத் தூக்கிப் பிடித்து அவரை வெளியே எடுத்தோம். அவர் அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "மக்கா, எனக்க காலு இருக்கா?" என்று கேட்டார். இருக்கு என்று சொன்னேன். அன்று மாலை மருத்துவமனையில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆம்புலன்ஸ் போனபின் கூட்டம் அனில்குமாரைச் சுற்றிக்கொண்டது. அவர், "ஒள்ளதாட்டு ரெண்டு கல்லு வச்சேன் அண்ணே, கர்த்தாவாணை வச்சேன்" என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார். கூட்டத்தில் அவருக்குத் தெரிந்த முகம் நான் மட்டும்தான். நான் அவரைக் கன்னத்தில் ஒரு முறை அறைந்தேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. தம்பியைப் பறிகொடுத்தவன், அவனுக்கு வயிறு எரியாதா என்று பக்கத்தில் சொன்னார்கள்.

அதன் பிறகு போலீசார் வந்தார்கள். மீரா முகைதீனும் வந்து கேரவனைத் திறந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து நான்கு மஞ்சள் ரப்பர் கட்டைகளை எடுத்துக் காட்டினார். "மொதல்ல கட்டை வைக்கணும், பெறவுதான் கொக்கியக் கழத்தணும். மாட்டும்போ மொதல்ல கொக்கி, பெறவு கட்டை. படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன் சாறே" என்றார். கேரவன் கதவின் சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது. அது இல்லாமல் அனில்குமார் அந்தக் கட்டைகளை எப்படி எடுத்திருப்பார் என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கட்டைகளில் கயிறு கட்டியிருந்தது. வண்டியோடு வந்து வண்டியோடு போகிற சாமான் அது. அதை வைத்திருந்தால் நான் தொட்டிருக்கவே மாட்டேன்.

போலீசார் என்னையும் விசாரித்தார்கள். சக்கரம் நின்ற இடத்தில் கல் எதையும் பார்த்தாயா என்று கேட்டார்கள். இல்லை என்று சொன்னேன். அந்த நேரத்தில் அங்கே கல் இல்லாதது உண்மைதான். ஏன் இல்லை என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு அன்று மத்தியானம் நன்றாகப் பசித்தது. சாப்பிட்டேன். மூன்றாம் நாளிலிருந்துதான் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அனில்குமாரின் மனைவி அஞ்சுவை அந்த ஏற்றத்தில் பார்த்தேன். இடப்பக்க ஓடையில் இறங்கி, ஒவ்வொரு கல்லாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். டயர் அடையாளம் உள்ள கல்லைத் தேடுவதாகச் சொன்னார். முந்தின நாள் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போயிருக்கிறார். கல்லெல்லாம் கல்லுதான் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "அண்ணே, நீங்க அங்க நின்னியளே, ஒரு கல்லையாவது கண்டியளா?" என்று என்னிடம் கேட்டார். இல்லை என்று சொன்னேன். நான் எறிந்தது வலப்பக்கம். அதற்குப் பின் நான் அந்த ஏற்றத்துக்குப் போகவில்லை.

20.11.2024 அன்று காலை அஞ்சு என் வீட்டுக்கு வந்தார். என்னைக் குறை சொல்ல வரவில்லை, கல்லைக் கண்டேனா என்று அன்றைக்குக் கேட்டுத் தொந்தரவு செய்ததற்கு மன்னிப்புக் கேட்க வந்தார். "அவரே இப்பம் மாத்திச் சொல்லியாரு அண்ணே. நான் கல்லு வைக்கவே இல்லியோ, வச்சதாட்டு நெனச்சேனோன்னு ராத்திரி எழும்பி இருந்து கேக்காரு. குத்தத்த ஒத்துக்கிடப் போறாராம். அந்தக் கெழவிக்க காலு போனது எனக்க கையாலதான்னு சொல்லியாரு" என்று சொன்னார். ராகேல் அவருக்குக் காப்பி கொடுத்தாள்.

என் தம்பியைக் கொன்ற கல்லை வைத்தவன் எங்கோ நிம்மதியாக இருப்பான், அவனுக்கு அது தெரியவே தெரியாது என்று பதினொரு வருடம் நான் அவனைச் சபித்திருக்கிறேன். இந்த மனிதர் கல்லை ஒழுங்காக வைத்துவிட்டு, வைக்கவில்லை என்று தன்னையே நம்பவைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

அதன் பிறகு நேற்று விடிந்ததும் ஓடையில் இறங்கி, நான் எறிந்த இரண்டு கற்களையும் புதருக்குள் கண்டுபிடித்து, ரப்பர் ஷீட் கட்டும் சாக்கில் போட்டுச் சுமந்துகொண்டு காவல் நிலையத்தில் ஒப்படைத்தேன். கழற்றும் முன் சக்கரத்தைப் பார்க்காதது அனில்குமாரின் தவறுதான். கேரவனின் பாரம் முழுவதும் ஜீப்பில் தொங்கியதால் இறுகியிருந்த கொக்கியாணியைச் சுத்தியலால் தட்டிக் கழற்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் தன் கையால் வைத்த கல் அங்கேயே இருக்கும் என்று ஒரு மனிதன் நம்புவது குற்றம் என்றால், அதைத் தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றம். கல்லை எடுத்தது நான்.

நடுவர் அவர்கள் கேட்ட கேள்வி: கல்லை எடுத்தது நீங்கள்தான் என்று தெரிந்திருந்தும் அனில்குமாரை ஏன் அடித்தீர்கள்?

பதில்: அவர், "ஒண்ணுல வெள்ளப் பெயிண்டு" என்று சொல்லத் தொடங்கினார். முழுவதும் சொன்னால் நாலு பேர் ஓடையில் இறங்கித் தேடுவார்கள். அவர் வாயை மூட வேண்டியிருந்தது. தம்பி நினைவில் கோபப்பட்டு அடித்ததாக ஊர் நினைத்துக்கொண்டது. நானும் அப்படியே விட்டுவிட்டேன். எனக்கு அப்போது தம்பி நினைவும் வரவில்லை, கோபமும் இல்லை. பயத்தில் அடித்தேன்.

மேற்கண்டவை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டன. யாருடைய தூண்டுதலும் இல்லாமல், நடந்ததை நடந்தபடியே சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு திருத்தம் உண்டு. அனில்குமாரை ஒரு முறை அறைந்ததாக எழுதியிருக்கிறது. இரண்டு முறை. முதல் அடிக்குப் பிறகும் அவர் என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிட்டார்.

(ஒப்பம்)
ஞா. எட்சன்