யாரையும் இறக்கிவிட மாட்டோம்

மேடையில் வீற்றிருக்கும் தலைமை ஆசிரியர் அவர்களே, கல்வி அலுவலகத்திலிருந்து வந்திருக்கும் அதிகாரி அவர்களே, என்னோடு பணிபுரியும் ஆசிரியர்களே, பெரிய நாற்காலிகள் போதாமல் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

அந்தக் குட்டி நாற்காலி உங்களுக்குப் புதிதல்ல. மூன்றாம் வகுப்பு ஆசிரியை, கொண்டையில் எப்போதும் பென்சில் செருகியிருந்ததால் நாம் எல்லோரும் பென்சில் டீச்சர் என்றே அழைத்த, இன்று நாம் நினைவுகூரக் கூடியிருக்கும் அந்த அம்மையார், சனிக்கிழமைதோறும் உங்களை அதில்தான் உட்கார வைத்தார். திறனறித் தேர்வைப் பற்றி அவர் சொற்பொழிவு ஆற்றவில்லை. பழைய வினாத்தாளைக் கையில் கொடுத்து, "நீங்களே எழுதிப் பாருங்க" என்றார். வட்டத்தை விட்டு வெளியே போகாமல் கறுப்பாக நிரப்பத் திணறிய அப்பாக்கள் எத்தனை பேர்! பக்கத்தில் எட்டிப் பார்த்து, "ஏங்க, மூணாவதுக்கு என்ன போட்டீங்க?" என்று கிசுகிசுத்த அம்மாக்கள் எத்தனை பேர்! அதற்குப் பிறகு, 'இதுகூடத் தெரியாதா' என்று பிள்ளையைப் பார்த்துக் கேட்க யாருக்காவது வாய் வந்ததா?

முன்வரிசையில் இருக்கும் பஸ் டிரைவர் அண்ணனுக்கு நினைவிருக்கும். மகளின் அறிக்கையில் சதமானம், அதாவது பர்சன்டைல், அறுபத்திரண்டு என்று இருந்தது. அதை மதிப்பெண் என்று நினைத்து, அவளை இழுத்துக்கொண்டு பென்சில் டீச்சர் முன்னால் வந்து நின்றார்.

"நூத்துக்கு அறுபத்திரெண்டு! டியூஷனுக்கு அலைஞ்ச அலைச்சலுக்கு இவ்வளவுதானா டீச்சர்?"

"அது மார்க் இல்லண்ணே. நூறு பிள்ளைங்க பஸ்ஸுக்கு வரிசையில நிக்கிறாங்கன்னு வைங்க. உங்க பொண்ணுக்குப் பின்னாடி அறுபத்திரெண்டு பேர் நிக்கிறாங்க."

"அப்ப உட்கார்ந்துக்கிட்டே போகலாம்ங்கிறீங்க!"

"இந்த பஸ்ஸுல எல்லாருக்கும் சீட் இருக்கு. யாரையும் இறக்கிவிட மாட்டோம்."

வகுப்பே சிரித்தது. ஆனால் அந்தக் கடைசி வார்த்தை அவர் வேடிக்கைக்காகச் சொன்னது அல்ல. அது அவருடைய சொந்த வார்த்தையும் அல்ல. தேர்வு முடிவைக் கொண்டு எந்தப் பிள்ளையையும் பிரிக்க மாட்டோம், பாடம் நடத்தும் முறையைத் திருத்திக்கொள்ள மட்டுமே அது பயன்படும் என்று ஆசிரியர் கூட்டத்தில் எங்களுக்குச் சொல்லப்பட்டது. சொன்னவர் இந்த மேடையில் இருக்கிறார். பென்சில் டீச்சர் நம்பினார். நம்பியதால்தான் உங்கள் கண்ணைப் பார்த்து அவரால் பேச முடிந்தது.

பிறகு என்ன நடந்தது? வரிசையின் பின்னால் நின்ற பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் இருக்கும் அறைக்கு மாற்றினார்கள். தனி வகுப்பு! சாப்பாட்டு நேரமும் தனி!

மறுநாள் தையல் கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர் வாசலிலேயே பென்சில் டீச்சரை நிறுத்தினார். அப்போது நான் பக்கத்தில் இருந்தேன்.

"அன்னிக்கு எம்பையனுக்குக் காய்ச்சல், டீச்சர். வீட்லயே நிறுத்திரலாம்னு பார்த்தேன். ஒண்ணும் ஆகாது, சும்மா எழுதட்டும்னு நீங்கதானே சொன்னீங்க?"

டீச்சர் நேராகத் தலைமை ஆசிரியர் அறைக்குப் போனார். "மேலிடத்து உத்தரவும்மா. பெத்தவங்களுக்குப் புரிய வைக்கிறதுதான் உங்க வேலை. அதைச் செய்ங்க" என்ற பதில் கதவுக்கு வெளியே நின்ற எனக்கும் கேட்டது.

அடுத்த சனிக்கிழமை யாரும் வரவில்லை. பென்சில்களைச் சீவி அடுக்கிவைத்துவிட்டு, குட்டி நாற்காலிகளைப் பார்த்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். "அவங்க என்னை ஏமாத்தினாங்க. ஆனா பெத்தவங்க கண்ணுக்கு ஏமாத்தினவ நான்தானே?" என்றார்.

அவருடைய மரணத்துக்கு மருத்துவர்கள் காரணம் சொல்லிவிட்டார்கள். பல நாள் இதய நோய். அதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் அவருடைய நல்ல பெயரைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு ஒரு காரியத்தை முடித்துக்கொண்டீர்களே, அதற்கு எந்த மருத்துவர் காரணம் சொல்வார்?

என் உரையின் முடிவில் படிக்கச் சொல்லி ஓர் அறிவிப்பைக் கொடுத்திருக்கிறார்கள். திறனறித் தேர்வில் முதலிடம் பெறும் பிள்ளைக்கு இனி ஆண்டுதோறும் பென்சில் டீச்சர் நினைவுப் பதக்கம் வழங்கப்படுமாம். முதலிடத்துக்கு! அவர் பெயரில்! இதை நான் படிக்கப் போவதில்லை. மடித்து இந்த மேசையிலேயே வைக்கிறேன்.

அவருடைய பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன் பேசிய எல்லோரும் சொன்னார்கள். நானும் சொல்கிறேன். வருகிற சனிக்கிழமை அதே மூன்றாம் வகுப்பு அறையில் கூட்டம் நடக்கும். தலைமை ஆசிரியர் அவர்களே, அதிகாரி அவர்களே, உங்களுக்கும் இரண்டு குட்டி நாற்காலி போட்டுவைப்பேன். வினாத்தாளும் பென்சிலும் தருவேன். பின்னறைப் பிள்ளைகள் தங்கள் வகுப்புக்குத் திரும்பும்வரை அடுத்த தேர்வுக்கு நான் மேற்பார்வை பார்க்க மாட்டேன். அதற்கு என்ன நடவடிக்கையோ, எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசி வரிசையில் இருக்கும் தையல்கார அம்மா, மகனையும் கூட்டிக்கொண்டு நீங்கள் வர வேண்டும். வாசலில் கேட்ட அந்தக் கேள்வியை அங்கே இன்னொரு முறை கேளுங்கள்.

இந்த முறை பதில் சொல்ல வேண்டியது பென்சில் டீச்சர் இல்லை.