அத்தையிடம் ஏன் என்று கேட்கக் கூடாது

— குரலை இறக்குங்க கார்லா. இந்த வீட்டுச் சுவரெல்லாம் வெறும் அட்டை. பின்னாடி துணி காயப் போட்டுக்கிட்டு இருக்காங்க, ஒரு சொல் விடாமக் கேட்கும்.

— யாரு, உங்க நாத்தனாரா?

— வேற யாரு? என் வீட்டுக்காரரோட அக்கா. லேசியெலி மகாராணி. நான் ஒண்ணும் சொல்லல, சொல்லிட்டேன்.

— ஆலிசி, நான் ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் வந்தேன். போன சனிக்கிழமைப் பயிற்சியில நாம ரெண்டு பேரும் உட்கார்ந்து உங்க மக ஃபூசி படத்தைத் தொட்டுப் பேசுற டேப்லெட்ல ஒரு புதுப் பொத்தான் வெச்சோம். 'ஏன்'. மஞ்சள் கட்டத்துல கேள்விக்குறி. ஞாபகம் இருக்கா?

— இருக்கு, இருக்கு.

— நேத்து என் வகுப்புல பிள்ளை அந்த இடத்தையே குத்திக்கிட்டு இருந்தா. அங்கே ஒண்ணுமில்ல, காலிக் கட்டம். விரல் நுனி சிவந்து போச்சு. அது எங்கே போச்சு?

— மிஷினுதானே. எங்கேயாவது போயிருக்கும்.

— தானா போகாது. யாராவது உள்ளே போய் எடுத்தாத்தான் போகும்.

— அம்மா. தண்ணி. வேணும்.

— இதோ கண்ணு, இந்தா. மெதுவா, மெதுவா... பார்த்தீங்களா கார்லா? பிறந்து ஒன்பது வருஷம் வாய் திறந்து ஒரு சொல் சொல்லாத பிள்ளை. விரலால தொடுறா, அது பேசுது. ஊர்ல எல்லாரும் 'மிஷின் குரல், மிஷின் குரல்'ங்கிறாங்க. எனக்கு அதுதான் என் மகள் குரல்.

— அதனாலதான் கேட்கிறேன். பிள்ளை வாயிலேருந்து யாரோ ஒரு சொல்லைப் பிடுங்கியிருக்காங்க.

— அண்ணியா இருக்கும்.

— உங்க நாத்தனாரா? அவங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?

— தெரியுமாவா! ராத்திரி எழுந்து பார்த்தா சமையக்கட்டுல உட்கார்ந்திருக்காங்க, டேப் மடியில. ஒவ்வொரு படமா தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாங்க. சத்தத்தைக் குறைச்சு வெச்சுக்கிட்டு! என்னைப் பார்த்ததும் மூடிட்டாங்க. 'தூக்கம் வரல'ன்னாங்க. அவ்வளவுதான். சனிக்கிழமை உங்க வகுப்புலயும் கடைசி வரிசையில உட்கார்ந்து முறைச்சுக்கிட்டே இருந்தாங்கல்ல?

— முறைக்கல. கவனிச்சாங்கன்னு நினைச்சேன். டீ கொடுத்தப்பகூட வேண்டாம்னாங்க.

— எங்க அண்ணி எதையும் சும்மா கவனிக்க மாட்டாங்க.

— சரி, ஒண்ணொண்ணா வருவோம். முதல்ல வேற ஒண்ணு கேட்கட்டுமா? தப்பா நினைக்காதீங்க. வரும்போது பார்த்தேன், கராஜ்ல கட்டில் போட்டிருக்கு, உங்க வீட்டுக்காரர் காருக்குப் பக்கத்துலதான் படுக்கிறார்போல. வீட்டுல ஏதாவது தகராறா? அப்படின்னா சொல்லலாம், நான் யார்கிட்டயும்...

— அட போங்க! தகராறா? லோப்பெட்டி என்கிட்ட தகராறு பண்ணிட்டு இந்த ஊர்ல சோறு தின்ன முடியுமா? அக்கா படுக்கிற கூரைக்குக் கீழே தம்பி படுக்க மாட்டான், எங்க தோங்காத் தீவுல அப்படித்தான். அவங்க வந்த அன்னைக்கே தலையணையைத் தூக்கிட்டுப் போயிட்டார். பகல்ல வாதுமைத் தோப்புல வேலை, ராத்திரி கராஜ். அக்காவும் தம்பியும் ஒரு அறையில உட்கார்ந்து பேசிக்கிறது கிடையாது.

— அப்ப அவங்க எதுக்கு வந்திருக்காங்கன்னு அவருக்கும் தெரியாதா?

— யாருக்கும் தெரியாது. 'வர்றேன்'னாங்க, வந்துட்டாங்க. மூணு வாரமாச்சு.

— நீங்க கேட்கலாமே, எதுக்கு வந்தீங்கன்னு.

— நானா! உங்களுக்குப் புரியல கார்லா. எங்களுக்கு ராஜா இருக்கார், பாதிரியார் இருக்கார், எல்லாருக்கும் மேலே பிள்ளைங்களோட அத்தை இருக்காங்க. அத்தை கேட்டா கொடுக்கணும். அத்தை சொன்னா செய்யணும். அத்தைகிட்ட ஏன்னு கேட்கக் கூடாது. கேட்டவன் நல்லா இருந்ததா சரித்திரமே இல்ல.

— எங்க இத்தாலிக்காரக் குடும்பத்துல அத்தைங்க கத்துவாங்க. நாங்களும் திருப்பிக் கத்துவோம். அப்புறம் எல்லாரும் சாப்பிடுவோம்.

— கொடுத்து வெச்சவங்க நீங்க. நான் மூணு வாரமா அவங்க செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நிக்கிறேன்.

— ஏன் இவ்வளவு பயம்?

— ஏற்கெனவே ஒண்ணைக் கொடுத்தாச்சே, அதான்.

— என்ன கொடுத்தீங்க?

— சித்தானியை. என் மூத்தவன். அண்ணிக்கு ஆம்பளைப் பிள்ளை இல்ல. எட்டு வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி வந்தாங்க, இதே நாற்காலியில உட்கார்ந்தாங்க. 'ஆலிசி, பையனை நான் வளர்க்கிறேன்'னாங்க. ஆறு வயசு அவனுக்கு. நான் அவன் துணியை மடிச்சுப் பெட்டியில வெச்சுக் கொடுத்தேன். சிரிச்சுக்கிட்டே கொடுத்தேன், கேட்டுக்கோங்க. விமானம் போனதுக்கப்புறம் குளியலறையில தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழுதேன்.

— ஆலிசி...

— பரவாயில்ல விடுங்க. நல்லாத்தான் வளர்த்தாங்க, குறை சொன்னா வாய் அழுகிடும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன்ல பாடிக் காட்டுவான். ஆனா கிறிஸ்மஸுக்கப்புறம் ஒரு போன் இல்ல. 'பையன்கிட்ட கொடுங்க அண்ணி'ன்னா, 'ஆஸ்டல்ல சேர்த்திருக்கேன், அங்கே போன் கூடாது'ங்கிறாங்க. பதினாலு வயசுப் பையன், அம்மாவோட ரெண்டு வார்த்தை பேசக் கூடாதா? என் பிள்ளை மனசை என்கிட்டேருந்து திருப்பிட்டாங்க. இப்ப இவளையும் கேட்க வந்திருக்காங்க.

— அவங்க கேட்டாங்களா?

— இன்னும் இல்ல. ஆனா எல்லாம் தயாராகுது. அன்னைக்கு ஃபூசி, அவளைத் தாங்கி உட்கார வைக்கிற அந்தத் தனி நாற்காலியில இருக்கா. அண்ணி ஒரு கயித்தை எடுத்து அவ தோளு, முதுகு, இடுப்பு, முட்டிக்கால் எல்லாம் அளந்தாங்க. ஒவ்வொரு அளவுக்கும் ஒரு முடிச்சு. அப்புறம் அதுலேருந்து ஒரு சாண் தள்ளி இன்னொரு முடிச்சு.

— அது எதுக்கு?

— சட்டை தைக்கத்தான்! இப்போதைக்கு ஒண்ணு, வளர்ந்தப்புறம் ஒண்ணு. ரெண்டு மூணு வருஷம் அங்கேயே வெச்சுக்கத் திட்டம்.

— மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுறீங்களோன்னு தோணுது.

— நானா போடுறேன்? இடுப்புல என்ன கட்டியிருக்காங்கன்னு பார்த்தீங்களா? கிழிஞ்ச பாய். எங்ககிட்ட அது துக்கத்துக்குக் கட்டுறது. யார் போயிட்டாங்கன்னு எனக்கு ஒரு சேதி வரல. கேட்கவும் முடியல. அதைக் கட்டிக்கிட்டே பள்ளிக்கூடத்துக்கும் வந்தாங்க. தோங்காப் பொம்பளைங்க எல்லாம் என்னைத்தான் பார்த்தாங்க, இவ வீட்டுல என்ன இழவுன்னு.

— அத்தை. அண்ணன். அழுகை.

— கேட்டீங்களா! கேட்டீங்களா கார்லா! தினமும் இதையேதான் சொல்றா. அத்தை தன்னை அண்ணன் இருக்கிற ஊருக்குக் கூட்டிட்டுப் போகப் போறாங்கன்னு பிள்ளைக்குத் தெரிஞ்சு போச்சு. அழுகை வருதுன்னு சொல்றா.

— அப்படித்தான் சொல்றாளா? வகுப்புலயும் இதே மூணைத்தான் அழுத்தினா. அதுக்கப்புறம்தான் அந்தக் காலிக் கட்டத்தைக் குத்தினா. அத்தை, அண்ணன், அழுகை, காலிக் கட்டம். திரும்பத் திரும்ப.

— இருங்க, அடுப்புல கிழங்கு இருக்கு, பார்த்துட்டு வந்துடுறேன்.

— ஆலிசி. அது அவங்க வேலை இல்லதானே?

— எது?

— அந்தப் பொத்தான். 'யாரோ எடுத்திருக்காங்க'ன்னு நான் சொன்னதும் உங்க முகம் போன போக்கைப் பார்த்தேன்.

— நான்தான் எடுத்தேன். போதுமா? நீங்கதானே உள்ளே போற வழியைச் சொல்லிக் கொடுத்தீங்க. 'குடும்பத்துக்கும் தெரியணும், வீட்டுலயே மாத்திக்கலாம்'னு. மாத்திக்கிட்டேன்.

— ஏன்?

— இதோ, நீங்களும் ஆரம்பிச்சுட்டீங்க! அத்தை வந்திருக்கிற வீட்டுல பிள்ளை அவங்க முகத்தைப் பார்த்து 'ஏன்'னு கேட்டா? வாயால பேசுற பிள்ளைங்களே கேட்காது. நாளைக்கு ஊர் முழுக்க, 'ஆலிசி பிள்ளைக்குப் பேச்சு வந்ததும் வந்துச்சு, மரியாதை போச்சு'ம்பாங்க. அதையே சாக்கா வெச்சு, 'உனக்கு வளர்க்கத் தெரியல, நான் வளர்க்கிறேன்'னு அண்ணி தூக்கிட்டுப் போயிட்டா?

— கொடுத்த சொல்லைத் திருப்பி எடுக்கக் கூடாது ஆலிசி. முதல் நாளே சொன்னேன். உங்களுக்கு அந்தச் சொல் பிடிக்கலைன்னாலும் அது அவளோடது.

— முதல் நாள் நீங்க சொன்ன எதையும் நான் நம்பல. பள்ளிக்கூடத்துலேருந்து இலவசப் பயிற்சின்னு கூப்பிட்டதும், 'பிள்ளையைச் சரியாப் பார்த்துக்கலைன்னு எழுதிக் கொண்டுபோய் அரசாங்கத்துல கொடுத்துடுவாங்க'ன்னு லோப்பெட்டி பயந்தார். கதவுக்குப் பக்கத்துலயே உட்காரச் சொன்னார்.

— ஓ, அதான் பிஸ்கட்டைக்கூடத் தொடலையா நீங்க?

— தொடல. ரெண்டாவது வாரம் சேர்த்துத் தின்னேன்.

— அது தெரியும். ...யாரோ வர்றாங்க.

— ஷ்ஷ்!

— ஆலிசி. டீச்சர் வந்து எவ்வளவு நேரமாச்சு? சாப்பிட ஏதாவது கொடுத்தியா?

— இதோ அண்ணி, இப்பத்தான் வந்தாங்க. கிழங்கு வெந்துக்கிட்டு இருக்கு.

— விருந்தாளியை வெறும் வாயோட உட்கார வெச்சுப் பேசுறது நம்ம வழக்கமா? ஆகட்டும். வணக்கம் டீச்சர். அடுத்த சனிக்கிழமை வகுப்பு உண்டுதானே?

— உண்டு. உங்களுக்கு வகுப்பு பிடிச்சிருக்கா?

— பிடிக்கிறது பிடிக்காததுன்னு ஒண்ணுமில்ல. தெரிஞ்சுக்கணும். அவ்வளவுதான்.

— எங்க ஊர்ல வேற அத்தை யாரும் இவ்வளவு தூரத்துலேருந்து வந்து உட்கார்ந்ததில்ல. ஃபூசிக்காகவா வந்தீங்க?

— கிழங்கு வெந்திருக்கும் ஆலிசி, போய்ப் பாரு. டீச்சர், சாப்பிட்டுட்டு எவ்வளவு கேள்வி வேணும்னாலும் கேட்கலாம்.

— அண்ணி, அவங்க வேற ஒண்ணும் கேட்கல. டேப்ல ஒரு பொத்தான் காணாமப் போச்சு, அதைச் சரி பண்ணத்தான்...

— எந்தப் பொத்தான்?

— அது... சும்மா ஒரு பொத்தான் அண்ணி.

— மஞ்சள் கட்டமா? கேள்விக்குறி போட்டது?

— ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?

— போன சனிக்கிழமை நீங்க வெச்சதைப் பார்த்தேன் டீச்சர். ஞாயித்துக்கிழமை ராத்திரி தேடினேன், இல்ல. நான் தப்பா எதையாவது தொட்டுட்டேனோன்னு பயந்து போயிட்டேன்.

— நீங்க இல்ல.

— நான்தான் அண்ணி. நான்தான் எடுத்தேன். ஒரு மரியாதைக்குத்தான்.

— ஆகட்டும். யார் எடுத்தா என்ன. திரும்ப வைக்க முடியுமா டீச்சர்?

— ஆலிசி, நீங்க சொல்லுங்க. பிள்ளைக்கு அம்மா நீங்க.

— ...வைங்க கார்லா. வெச்சுடுங்க. வர்றது வரட்டும். அன்னைக்கு ஒரு வார்த்தை கேட்காம ஒண்ணைப் பெட்டி கட்டி அனுப்பினேன். இன்னொரு தடவை என்னால முடியாது. அண்ணி கோபப்பட்டாலும் சரி.

— அண்ணி கோபப்படல. மெதுவா செய்ங்க டீச்சர், நான் பார்க்கணும். முதல்ல எங்கே தொட்டீங்க?

— இந்தப் பல்சக்கரப் படம். அப்புறம் 'சேர்'. அப்புறம் எந்தக் கட்டம்னு காட்டணும்.

— பல்சக்கரம். சேர். கட்டம். படம் நாமளே வரைஞ்சும் வைக்கலாமா? கரன்ட் இல்லாத இடத்துல என்ன பண்றது?

— காகிதத்துல அச்சடிச்சு வெச்சுக்கலாம். விரலால காட்டினா போதும். ஆனா ஃபூசிக்கு எதுக்கு? இங்கே கரன்ட் இருக்கே?

— தெரிஞ்சுக்கத்தான்.

— பார்த்தீங்களா கார்லா? பார்த்தீங்களா? கரன்ட் இல்லாத இடம் எதுன்னு எனக்குத் தெரியும். அண்ணி வீடுதான்!

— ஆலிசி, கொஞ்சம் பொறுங்க. இந்தா ஃபூசி, உன் சொல் வந்துடுச்சு.

— அத்தை. அண்ணன். அழுகை. ஏன்.

— ஃபூசி! கையை எடு! மன்னிச்சுடுங்க அண்ணி, பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது...

— கையைப் பிடிக்காதே ஆலிசி. விடு.

— அத்தை. ராத்திரி. அழுகை. ஏன்.

— ராத்திரியா? அப்ப அழுறது... அண்ணி, நீங்களா?

— முழிச்சுக்கிட்டு இருந்தாளா இவ? தூங்குறான்னு நினைச்சேன். மூணு வாரமா தினமும் ஜெபம் பண்ணினேன், இந்த வீட்டுல யாராவது ஒருத்தர் என்னைக் கேட்க மாட்டாங்களான்னு. தம்பி கராஜ்ல ஒளிஞ்சுக்கிட்டான். நீ தட்டு நிறையக் கிழங்கு வெச்சுட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டே. நல்ல வளர்ப்பு உங்களுக்கு.

— நாங்க எப்படி அண்ணி கேட்போம்? உங்ககிட்டப் போய்...

— ஏன். ஏன்.

— சொல்றேன் தங்கம், உனக்குச் சொல்றேன். உன் அண்ணன் ஆஸ்டல்ல இல்லம்மா. கிறிஸ்மஸ் முடிஞ்சு காய்ச்சல்ல விழுந்தான், மூளைக்கு ஏறிடுச்சு. உயிர் தங்கிச்சு, பேச்சு தங்கல; அந்தப் பேச்சுக்காகத்தான் இந்தக் கிழிஞ்ச பாய். தானா நிமிர்ந்து உட்காரவும் முடியல. கயிறு வெச்சு அளந்தது உன் நாற்காலியைத்தான், அவனுக்கு ஒரு சாண் பெரிசா ஒண்ணு செய்ய. எங்க தீவுல இதைச் சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது, அதான் இங்கே வந்து கடைசி வரிசையில உட்கார்ந்தேன். உன்னோட எல்லாப் பொத்தானையும் ராத்திரி ராத்திரியா படிச்சுட்டேன் ஃபூசி, இதை உன் அம்மாகிட்ட சொல்ற பொத்தான் மட்டும் எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியல.