கலங்கரைக்குக் கீழே ஐந்து மணி நேரம்

ஹலோ... ஆமா, சோரன்தான் பேசறேன். சோரன் லிண்ட்ஹோம், டுலூத்ல இருந்து... ஆமா, ஆமா, 'மாட்டில்டாவும் கலங்கரையும்' கேம் பண்ண ஆள்தான்... ஓ. டெஸ்மண்ட் பிராக்கெட்டா? மில்வாக்கி?... படிப்பேனே. உங்க விமர்சனத்தைத்தான் எல்லாரும் படிக்கறாங்க... இல்ல, தொந்தரவெல்லாம் இல்ல. வாசல்ல பனி தள்ளிக்கிட்டிருந்தேன்... ஏப்ரல்தான். பனிக்கு அதை யாரும் சொல்லலை.

தெரியும். பகல் பன்னிரண்டு மணி வரைக்கும் யாரும் வாயத் திறக்கக் கூடாது. பன்னிரண்டு அடிச்சதும் விமர்சகர்கள் பன்னிரண்டு பேரும் ஒண்ணா வெளியிடுவீங்க... சரி, சரி. இப்ப பதினொண்ணேகால். ஒரே ஒரு தகவல் சரிபார்க்கணுமா? கேளுங்க.

மொதல்ல அபிப்பிராயமா? சொல்லுங்க... ம்... ம்... நன்றி... குதிச்சா விரல்ல ஒட்டுதா? அது நல்லதா, கெட்டதா?... நல்லது. நன்றி. குதிக்கறதுக்கு மட்டும் ஏழு மாசம் ஆச்சு...

ஆமா, நிறம் நாலே நாலு பச்சைதான். பழைய கையடக்க கேம் பெட்டிகள்ல அவ்வளவுதானே வரும்... 'கட்டுப்பாட்டின் துணிச்சல்'... சரி. அப்படியும் எழுதலாம்.

எங்க விளையாடினீங்க?... பல் டாக்டர்கிட்டயா... திரும்பி வரும்போது பஸ்ல மீதியா... கடைசி எதிரி, அந்தப் பெரிய விட்டில், சுலபமா இருந்துச்சா?... 'அனுபவசாலிகளுக்குச் சவால் குறைவு'ன்னு எழுதியிருக்கீங்களா. சரி.

முடிக்க எவ்வளவு நேரம் ஆச்சுன்னு சொன்னீங்க?

...

இல்ல, கேக்குது. மூணு மணி நேரம் பத்து நிமிஷம். முழுசாவா?... விளக்கை ஏத்திட்டீங்க... 'முற்றும்'னு வந்துச்சு... கேம் பண்ணவங்க பேரெல்லாம் ஓடுச்சு... சரி. அதான் சரிபார்க்க வேண்டிய தகவலா? மூணு மணி நேரம்தானான்னு?

ஒரு நிமிஷம் டெஸ்மண்ட், வாசல்ல ஆள். லைன்லயே இருங்க... ஆக்னெஸ்! வாங்க... எதுக்கு இதெல்லாம்... ஹாட்டிஷா? கறி வச்சு, மேல உருளைக்கிழங்கு உருண்டையோட சுட்டதா... இல்ல, நல்லா சாப்பிடறேன், நிஜமா... ஃப்ரீசர்ல இடம் பண்ணிக்கறேன். போன வாரத்துத் தட்டு கழுவி வச்சிருக்கேன், அடியில உங்க பேர் ஒட்டியிருக்கு, எடுத்துக்கங்க... தூங்கறேன், ஆக்னெஸ்... போன்ல ஒருத்தர்... சரி. பத்திரமாப் போங்க, படி வழுக்கும்.

இருக்கேன் டெஸ்மண்ட். பக்கத்து வீட்டம்மா... ஆமா, மனைவி போனதுல இருந்து. பதினாலு மாசம். இந்த ஊர்ல துக்கத்தை உருளைக்கிழங்கால மூடுவாங்க... பரவாயில்ல. சிரிக்கலாம்.

எங்க விட்டோம்? மூணு மணி நேரம்... ஆமா, புரியுது. உங்களுக்கு அது பிடிச்சிருக்கு... 'எங்கே நிறுத்துவதென்று தெரிந்த அபூர்வமான கேம்'... ம்... 'நம் நேரத்தை மதிக்கிறது'... ம்... எட்டரையா? பத்துக்கு எட்டரை... நன்றி... அதுல சுருக்கத்துக்கு மட்டும் ஒன்றரையா. அப்படியெல்லாம் பிரிச்சுப் போடுவீங்களா... சரி.

வரைபடமா? என்ன வரைபடத்துல... கீழ்ப் பாதி காலியா இருக்கு. ஆமா, காலியாத்தான் இருக்கும், நீங்க அங்க... என்னது?... திரும்பச் சொல்லுங்க... 'பாதி வரைபடத்தை வெறுமையாகவே விட்டது, மனைவியை இழந்த கலைஞனின் மௌனம்.'

இல்ல. லைன் சரியா இருக்கு.

டெஸ்மண்ட், அது மௌனம் இல்ல. அங்க எண்பத்தாறு அறை இருக்கு.

...

அறை. எண்பத்தாறு. கலங்கரைக்குக் கீழ, ஏரிக்குள்ள. மேல இருக்கறது நாப்பது. அது நான் பண்ணது. கீழ இருக்கறது அவ பண்ணது... மாரிட். என் மனைவி. உங்களுக்கு அனுப்பின பத்திரிகைக் குறிப்புல 'மறைந்த மனைவியின் உதவியோடு'ன்னு போட்டிருக்காங்கள்ல? உதவி இல்ல. முக்கால்வாசி.

எப்படிப் போறதுன்னா... நான் சொல்லக் கூடாது. அப்படி ஒரு கொள்கை வச்சிருந்தோம். பழைய கேம்ல எந்தச் சுவர் பொய்ச் சுவர்னு யாரும் கையப் பிடிச்சுக் காட்டமாட்டாங்க, நாமளே முட்டி முட்டித் தெரிஞ்சுக்குவோம், அதுதானே சுகம்... ஆமா, நீங்களும் அதைத்தான் எழுதியிருக்கீங்க. 'கையைப் பிடித்து அழைத்துச் செல்லாத நேர்மை.' அழைச்சுட்டுப் போகலைன்னதும் பஸ்ல ஏறிட்டீங்க.

கோபம் இல்ல. கேக்கறேன். பேர் ஓடுச்சுன்னீங்களே, கடைசி வரைக்கும் ஓட விட்டீங்களா?... தாண்டிட்டீங்க. பட்டனை அழுத்திப் பிடிச்சு... எல்லாரும் அப்படித்தானா? விமர்சகர்கள் யாரும் பேர் பாக்கறதில்லையா... பேர் ஓட ஆரம்பிச்சா எழுத உக்காந்துடுவீங்க. புரியுது.

வழி அதுக்குள்ளதான் இருக்கு. பேர் எல்லாம் ஓடி முடிஞ்சதும் மாட்டில்டா கறுப்புத் திரையில சும்மா நிப்பா. கேம் முடியாது. நடக்கலாம்... ஆமா, நடக்கலாம். தாண்டினா நேரா கேமோட ஆரம்பத் திரைக்குப் போயிடும்.

தாண்டற பட்டனை வச்ச முட்டாள் நான்தான். மொதல்ல இல்ல. சோதிச்சுப் பாத்த ஆறு பேரும் 'ரெண்டு பேர் பண்ண கேமுக்கு மூணு நிமிஷம் பேர் ஓடணுமா'ன்னு எழுதிக் குடுத்தாங்க. வச்சிட்டேன். அப்ப அவ ஆஸ்பத்திரியில இருந்தா. கேக்கலை அவளை.

டெஸ்மண்ட், கன்சோல் பக்கத்துல இருக்கா?... போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு எடுங்க. இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு. விட்டிலுக்கு முன்னாடி சேமிச்சு வச்சிருப்பீங்க. அதை ஒரு தடவை கொல்லுங்க, போதும்... ஆமா, இப்பவே. சவால் குறைவுதானே.

...

செத்துட்டீங்களா? பரவாயில்ல... அது இடது பக்கமாத்தான் பாயும்... ஆமா, போன தடவையும் இடதுதான்... பட்டன் தேஞ்சிருக்கா? இருக்கும்.

...

மறுபடியுமா?... இல்ல, நான் சிரிக்கலை. இருமல்.

...

என்ன பண்றீங்க?... எதை அழிக்கறீங்க, 'சவால் குறைவு' வரியையா? அப்புறம் அழிக்கலாம், மொதல்ல அதைக் கொல்லுங்க.

...

ஆ! சரி. இப்ப ஏறுங்க. விளக்கை ஏத்துங்க... கைய எடுத்துடுங்க. பேர் ஓடுதா? எதையும் தொடாதீங்க... மூணு நிமிஷம்தான்... ஆமா, எனக்கும் நீளமாத்தான் தெரியுது... அந்தப் பேரா? ரோஸ்மேரி டப்பன். எங்க வீட்டு மேல் மாடியில குடியிருக்கற நர்ஸ். ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வந்து விளையாடிப் பாத்துச் சொல்லுவாங்க... அது எங்க நாய். சோதிச்சுப் பாத்தவர்னு போட்டிருக்கேன்... செத்துடுச்சு. வயசாயிடுச்சு... ஆமா, ஆக்னெஸ்தான். ஹாட்டிஷ் ஆக்னெஸ். அவங்க பேர் வேணும்னு மாரிட் சொன்னா... மாரிட் பேர் கடைசியில. அவளே வச்சுக்கிட்டா.

இப்ப கறுப்பா? நிக்கறாளா?... இடது பக்கம் நடங்க. வலது பக்கம் ஒண்ணும் இல்ல, நீங்க எல்லாரும் வலது பக்கமே போவீங்கன்னு சொல்லுவா அவ... நடங்க. இன்னும்... இன்னும்... விழுவா. விடுங்க. விழட்டும்.

...

டெஸ்மண்ட்?

...

ஆமா. ஆரஞ்சு.

தெரியும், நாலு பச்சைன்னுதான் சொன்னோம். கீழ அஞ்சாவது ஒண்ணு இருக்கு. பழைய பெட்டியில இது வராதேன்னு நானும் சண்டை போட்டேன். 'தண்ணிக்குள்ள வெளிச்சம் விழுந்தா எந்தப் பெட்டியா இருந்தாலும் நிறம் மாறும்'னா. சரின்னு விட்டுட்டேன்.

அந்தக் கட்டுப்பாட்டுத் துணிச்சல் வரி... ஆமா, அதையும் அழிக்கணும்.

எவ்வளவு நேரமா? கீழ மட்டும் அஞ்சு மணி நேரம்... அஞ்சு. மேல மூணு. எட்டு... ஹலோ? பெருமூச்சா அது?... சுருக்கம்னு குடுத்த ஒன்றரை... ஓ. அதைத் திரும்ப எடுத்துக்குவீங்களா... நியாயம்தான். சுருக்கமா இல்லாததுக்குச் சுருக்கம்னு மார்க் குடுக்க முடியாது. அப்ப ஏழு.

இல்ல, தெரியும். எட்டுக்குக் கீழ போனா ஆன்லைன் கடையோட முதல் பக்கத்துல வைக்கமாட்டாங்க. நாலாவது பக்கம். அங்க வந்து யாரும் பாக்கறதில்ல... வெளியீட்டாளர் என்னைத் தொங்க விடுவார், அதுவும் தெரியும்.

என்ன வழி? சொல்லுங்க... நீங்க இதைப் பாக்கவே இல்லன்னு வச்சுக்கறதா. எட்டரை அப்படியே இருக்கும். எனக்கு நல்லதுக்குத்தான் சொல்றீங்க... புரியுது டெஸ்மண்ட். நன்றி.

யாராவது தானா கண்டுபிடிப்பாங்கன்னா... எப்போ? நீங்க பன்னிரண்டு பேரும் 'சுருக்கம்'னு எழுதினதைப் படிச்சுட்டு வாங்குறவன் மூணு மணி நேரத்துல முடிச்சு, சுருக்கமா இருந்துச்சுன்னு சந்தோஷமாத் தூக்கி வச்சிடுவான். எதுக்குத் தேடுவான்?

அப்ப கீழ இருக்கறதைப் பத்தி எழுதுங்க... ஏன் முடியாது?... ரகசியத்தைப் போட்டு உடைச்ச மாதிரி ஆகுமா... வாசகர்கள் கிழிச்சிடுவாங்க... ஓகோ. தெரியாதப்ப, தெரியாததால எழுத முடியலை. இப்ப தெரிஞ்சதால எழுத முடியலை. நல்ல தொழில் டெஸ்மண்ட்.

மன்னிச்சுக்கங்க. அது கொஞ்சம் அதிகம்.

கேளுங்க. அறையைப் பத்தி வேணாம். ஆரஞ்சு வேணாம். அவளைப் பத்தி ஒரு வார்த்தை வேணாம், மௌனம், இழப்பு, எதுவும் வேணாம். ஒரே ஒரு வரி. பேர் ஓடும்போது தாண்டாதீங்கன்னு. அவ்வளவுதான். அது ரகசியத்தை உடைக்காது... ஏழு போடுங்க. அந்த வரியைப் போட்டா ஏழு போடுங்க, ஆறு வேணும்னாலும் போடுங்க.

யோசிச்சாச்சு... பதினாலு மாசமா வேற என்ன பண்ணேன்.

எண்பத்தாறு அறை டெஸ்மண்ட். ஆஸ்பத்திரியில, கையில டிரிப்ஸ் ஊசியோட உக்காந்து வரைஞ்சா. நாலாவது பக்கத்துல இருந்தாலும் பரவாயில்ல, வர்ற நாப்பது பேராவது கீழ இறங்கட்டும். முதல் பக்கத்துல நாப்பதாயிரம் பேர் வந்து என்னோட கலங்கரைப் படியை மட்டும் ஏறிட்டுப் போறதுக்கு...

யோசிங்க. சரி. நான் காத்திருக்கேன்.

...

இன்னும் இருக்கீங்களா? மணி பதினொண்ணு அம்பத்தெட்டு... எழுதறீங்களா?... என்ன சத்தம் அது? குதிக்கற சத்தம் கேக்குதே.

நீங்க இன்னும் விளையாடறீங்க.

சரி, சரி. நான் ஒண்ணும் சொல்லலை.

...

பன்னிரண்டு. வந்துடுச்சு, எல்லாரோடதும் வந்துடுச்சு, இங்க கம்ப்யூட்டர்ல... 'கச்சிதம்'... 'சுருக்கமான முத்து'... 'ஒரே மூச்சில் முடித்தேன்'... 'மூன்று மணி நேர மகிழ்ச்சி'... இதுல ஒருத்தர் காலி வரைபடத்துக்கே தனியா ஒரு பத்தி எழுதியிருக்கார், வெறுமையின் தத்துவம்னு... பதினொண்ணு. உங்களோடது மட்டும் இல்ல.

உங்க ஆசிரியர் கூப்பிடறாரா? எடுங்க, எடுங்க... ஏன் எடுக்கலை?

எந்த அறையில இருக்கீங்க?... அடுப்பு இருக்கா? மேல கெட்டில்?... ஆமா. ஆரஞ்சு கெட்டில். அது எங்க சமையலறை. டேப் வச்சு அளந்து வரைஞ்சா... நானும் இப்ப அதுலதான் நிக்கறேன்... இல்ல, நிஜ கெட்டில் வெள்ளைதான்.

ஆசிரியர் மறுபடி கூப்பிடறார் பாருங்க. டெஸ்மண்ட், ஏதாவது ஒண்ணை வெளியிடுங்க. என்னால உங்க வேலை போக வேண்டாம்... சரி. காத்திருக்கேன்.

...

வந்துடுச்சா? இருங்க, பாக்கறேன்... ம்... 'குதித்தால் விரலில் ஒட்டுகிறது'... விட்டிலைப் பத்தின வரி... 'எதிர்பாராத சவால்'... சிரிக்கலை, இருமல்தான்.

சுருக்கம்ங்கற வார்த்தை இல்ல.

ஏழு... ம். ஏழுதான். நீங்க சொன்ன மாதிரி... கீழ, கடைசி வரி... பாத்தேன். 'பெயர்கள் ஓடும்போது எதையும் தொடாதீர்கள். என்னை நம்புங்கள்.'

...

மறுபடி படிச்சுப் பாத்தேன். இருக்கேன்.

நன்றி டெஸ்மண்ட்... இல்ல, வெளியீட்டாளரை நான் பாத்துக்கறேன். இன்னிக்குச் சாயங்காலம் கத்துவார், நாளைக்கு மறந்துடுவார்.

என்ன கேட்டீங்க?... அந்தச் சமையலறையில இருந்து வெளிய போற வழியா?... கதவு திறக்காது, ஆமா... ஜன்னலும் இல்ல... அலமாரி மேல ஏறிப் பாத்தீங்களா... சரி, அதுவும் இல்ல.

எனக்கு அதுக்கு ரெண்டு வாரம் ஆச்சு. மாரிட் பக்கத்துலயே காலை நீட்டி உக்காந்துக்கிட்டு, காபி குடிச்சுக்கிட்டு, நான் முட்டுறதைப் பாத்துப் பாத்து சிரிச்சா. கடைசி வரைக்கும் சொல்லலை.

நானும் சொல்லமாட்டேன். வைக்கறேன்.