ரம்பத்துக்கு மூணாவது ரிப்பேர்

— அக்கா, கொஞ்சம் நில்லுங்க. மூணு மாசத்துல இது மூணாவது தடவை. இந்த அடிவாரத்துல சர்வீஸ் சென்டர் தொறந்து நாலு வருசம் ஆச்சு, ஒரே மெஷினுக்கு இத்தனை தடவை நான் சீட்டு போட்டதே இல்ல.

— நானும் ஒரே மெஷினைத் தூக்கிக்கிட்டு வாழவந்தியில இருந்து இத்தனை தடவை பஸ் ஏறுனதில்ல சாமி. ஏற்காட்டுல ஒரு பஸ் மாறி, இருவது வளைவு எறங்கி, வாந்தி எடுக்காத கொறையா வந்து நிக்கறேன். எழுது.

— பேரைச் சொல்லுங்க.

— போன தடவையும் கேட்டே. அதுக்கு முந்தின தடவையும் கேட்டே.

— நான் கேக்கலீங்கக்கா. சிஸ்டம் கேக்குது.

— சின்னத்தாயி.

— அந்தப் பேர்ல ஒண்ணும் இல்லீங்களே.

— என்ற ஊட்டுக்காரரு பேர்ல இருக்கும், ஐயாக்கண்ணு. ஒவ்வொரு தடவையும் இதேதான். உங்க சிஸ்டத்துக்கு ஞாபகமே நிக்காதா?

— வந்துருச்சுங்க. ஐயாக்கண்ணு, வாழவந்தி. பேட்டரி ரம்பம், ஒத்தைக் கையில புடிக்கற மாடல். இப்ப என்ன கம்ப்ளைண்ட்?

— ஓடலை.

— ஓடலைன்னு மொட்டையாப் போட முடியாதுங்கக்கா. பதினோரு காரணம் குடுத்திருக்கான், அதுல ஒண்ணைத் தொடணும். சத்தம் வருதா, சூடாகுதா, பாதி வெட்டுல நிக்குதா, செயின் கழண்டுக்குதா...

— செத்துப்போச்சுன்னு இருக்குதா?

— இல்லீங்க.

— அப்ப நீயே ஏதோ ஒண்ணைத் தொடு. பென்னிதான உன்ற பேரு? சட்டையில எழுதியிருக்குது.

— ஆமாங்கக்கா. சரி, கழட்டிப் பாத்தர்றேன். அந்த ஸ்டூல்ல உக்காருங்க.

— பாரு. பாத்துட்டு, இனி இதைச் சரி பண்ணவே முடியாதுன்னு ஒரு சீட்டு எழுதிக் குடு.

— ஏனுங்கக்கா, கழட்டறதுக்கு முன்னாடியே தீர்ப்பு சொல்றீங்க? இங்க வர்றவங்க எல்லாரும் எப்படியாவது சரி பண்ணிக் குடுன்னுதான் நிப்பாங்க. காலையில எஸ்டேட்ல கணக்கு எழுதற ரைட்டரு ஒருத்தரு, புல்லு வெட்டற மெஷினை இந்த டேபிள் மேல கெடாசிட்டு, உன் கம்பெனி மேல கேஸ் போடறேன்னு கத்திட்டுப் போறாரு. ரெண்டு மாசமா அவரை அலைய விட்டிருக்கோம்.

— கொடுத்து வச்சவரு.

— என்னங்கக்கா?

— ஒண்ணுமில்ல. நீ கழட்டு.

— அடடா. மோட்டார் பூராத் துரு. மேல வெள்ளையாப் பூத்துக் கெடக்குது பாருங்க. இது சும்மா மழைத்தண்ணி போனது இல்லீங்கக்கா. உப்பு.

— உப்பா?

— உப்புத்தாங்க. விரல்ல தேச்சாலே தெரியுது.

— மலையில இப்ப மூடுபனி நொம்ப ஜாஸ்தி சாமி.

— மூடுபனியில உப்பு இருக்காதுங்கக்கா. ஏற்காட்டுல ஏரிதான் இருக்குது, கடல் இல்ல.

— அது என்னமோ. எனக்கு மெஷினைப் பத்தி என்ன தெரியும்?

— அக்கா, மொதத் தடவை வந்தீங்க. சுவிட்சுக்குள்ள ஒயர் அந்திருந்துச்சு. எலி கடிச்சதுன்னு எழுதுனேன். எலி கடிச்சா பிசிறு பிசிறா இருக்கும். அது அளவெடுத்து வெட்டுன மாதிரி நேரா இருந்துச்சு. ரெண்டாவது தடவை சார்ஜர் நசுங்கிக் கெடந்துச்சு. கைதவறிக் கீழ விழுந்துருச்சுன்னு சொன்னீங்க, அதையும் எழுதுனேன். இப்ப உப்பு. இதுக்கு நான் என்னன்னு எழுதட்டும்? உங்களைப் போலீஸ்லயா புடிச்சுக் குடுக்கப் போறேன்? சொல்லுங்கக்கா.

— ஒயரை நாந்தான் வெட்டுனேன். துணி தெக்கற கத்தரிக்கோல்ல. சார்ஜரும் நாந்தான். கொழவிக் கல்லுல ஒரு தட்டு.

— எதுக்குங்க?

— உனக்குக் கல்யாணம் ஆயிருச்சா சாமி?

— தையில ஆச்சுங்க.

— அப்பச் சொன்னா வெளங்கும். என்ற ஊட்டுக்காரரு மரம் ஏறிக் கெளை கழிக்கறவரு. காப்பித் தோட்டத்துல நெழலுக்கு சில்வர் ஓக் மரம் நட்டு வச்சிருப்பாங்க பாரு, வானத்தத் தொடற மாதிரி. சேர்வராயன் மலையில அவரு ஏறாத தோட்டம் கெடையாது. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி கரடியூர்ல அம்பது அடியில இருந்து விழுந்துட்டாரு. தொடையில கம்பி வச்சிருக்குது. எட்டு மாசம் கட்டில்ல கெடந்தாரு. அதுக்கப்புறம் எந்திரிச்சு நடந்தாரு, ஆனா யாருகிட்டயும் பேச்சு இல்ல. நான் எஸ்டேட் வேலைக்குப் போயிட்டுப் பொழுதோட வந்தா, காப்புக் காச்ச என்ற கையைப் பாப்பாரு. பாத்துட்டுச் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவாரு.

— அப்ப இந்த மெஷினு...

— நாந்தான் வாங்கிக் குடுத்தேன். லேசான மெஷினு, கீழ நின்னுக்கிட்டே நம்ம காப்பிச் செடிய அவரே கெளை நறுக்கிக் கவாத்துப் பண்ணிக்கலாம்னு நெனச்சேன். கையில புடிச்சு ஒருக்கா ஓட்டிப் பாத்தாரு. பாத்துட்டுச் சிரிச்சாரு சாமி. ரெண்டு வருசத்துல அதுதான் மொதோச் சிரிப்பு.

— நல்லதுதானுங்களே.

— நாலு நாளைக்கு நல்லதுதான். அஞ்சாம் நாளு பக்கத்துத் தோட்டத்து லூர்துராஜ் வந்தாரு. ஐயாக்கண்ணு, மெஷினு வாங்கிட்டியாமா, எங்க மரத்துல ரெண்டு கெளை இருக்குதுன்னாரு. அவ்வளவுதான். ரம்பத்தை இடுப்புல கவுத்துல கட்டிக்கிட்டு இவரு ஏறிட்டாரு. கம்பி வச்ச காலோட. நான் கீழ நின்னு அண்ணாந்து பாக்கறேன்.

— வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானுங்களே?

— எப்படிச் சொல்றது? எறங்கி வந்து, பாத்தியா தாயி, இன்னும் என்னால முடியுதுன்னு சொல்றாரு. உன்னால முடியாதுன்னு நான் ஒரு வார்த்தை சொன்னா, மறுபடியும் செவுத்தப் பாத்துப் படுத்துக்குவாரு. அந்த முதுகை இன்னொருக்கா என்னால பாக்க முடியாது சாமி. முடியாதுங்கற வார்த்தைய நான் சொல்ல வேண்டாம், மெஷினு சொல்லட்டும்னுதான் கத்தரிக்கோலை எடுத்தேன்.

— அது சரிங்க. அப்புறம் எதுக்கு ரிப்பேருக்குக் கொண்டாந்தீங்க?

— நானா கொண்டாந்தேன்? வாரண்டி இருக்குது, அடிவாரத்துக்குக் கொண்டு போனாச் சரி பண்ணிக் குடுப்பாங்கன்னு அந்த லூர்துராஜே வந்து அட்டையப் படிச்சுச் சொல்லிட்டாரு. கொண்டு போக மாட்டேன்னு சொன்னாச் சந்தேகம் வராதா? சரி, இந்தச் சர்வீஸ்காரங்க என்னத்தைச் சரி பண்ணீரப் போறாங்கன்னு நம்பி வந்தேன்.

— நான் அரை மணி நேரத்துல சரி பண்ணிக் குடுத்துட்டேன்.

— டீ வேற வாங்கிக் குடுத்தே. ரெண்டாவது தடவை புதுச் சார்ஜரே எடுத்துக் குடுத்தே. ஊரு பூராச் சொல்றாங்க, போனை எடுக்க மாட்டாங்க, இன்னிக்கு வா நாளைக்கு வான்னு அலைய விடுவாங்கன்னு. எனக்குன்னு வந்து வாச்சுது பாரு, நல்ல சர்வீஸ்!

— மன்னிச்சிருங்கக்கா. இந்த உப்பு வேலையும் நீங்கதானுங்களா?

— இல்ல. சத்தியமா இல்ல. முந்தாநேத்து மறுபடியும் ஏதாச்சும் பண்ணலாம்னு எடுத்துப் பாத்தேன், அதுக்கு முன்னாடியே செத்துக் கெடந்துச்சு. சேர்வராயன் சாமிதான் கண்ணத் தொறந்துட்டாருன்னு கும்புட்டுட்டு எடுத்துக்கிட்டு வந்தேன்.

— சாமி மோட்டாருக்குள்ள உப்புத்தண்ணி ஊத்துனதா நான் கேள்விப்பட்டதில்லீங்க.

— அவரு எப்படிச் செஞ்சா உனக்கென்ன? வர்ற திங்கக்கெழமை கரடியூர்ல பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி ஒரு காஞ்ச மரம். எழுவது அடி. ஆளு கேட்டு வந்தாங்க. நான் வாசல்ல நிக்கறேன், என்ற மூஞ்சியப் பாத்துக்கிட்டே வர்றேன்னு வாக்குக் குடுத்துட்டாரு. அதே கரடியூர் சாமி. அவரு விழுந்தது அங்கதான்.

— அக்கா... ஒரு சிக்கல் ஆயிருச்சுங்க.

— என்ன?

— ஆறு மாசத்துக்குள்ள மூணு ரிப்பேர் வந்தா, சிஸ்டம் தானாப் புது மெஷினுக்கு அனுமதி குடுத்துரும். நான் உங்ககிட்டப் பேசிக்கிட்டே எண்டர் தட்டிட்டேன். இங்க பாருங்க, பச்சையில வந்துருச்சு.

— அதே மெஷினா?

— அந்த மாடல் நின்னு போச்சுங்க. அதுக்குப் பதிலாப் பெரிய மாடல். இதைவிட ரெண்டு மடங்கு வேகம்.

— என்ன சாமி இது, இப்படி ஒரு அநியாயம் நடக்குமா!

— நாலு வருசத்துல யாருக்குமே இது வந்ததில்லீங்கக்கா. அந்த ரைட்டருக்காக எட்டு மெயில் போட்டேன், ஒரு பதில் இல்ல.

— அவருக்கே தூக்கிக் குடுத்துரு. புண்ணியமாப் போகும்.

— அதுக்குச் சிஸ்டத்துல எடம் இல்லீங்க. புதுசு வேண்டாம், பழசை ஒழிச்சுக்கட்டுன்னு போடலாம். ஆனா எது போட்டாலும் ஓடிபி வேணும். மெஷினு அண்ணன் பேர்ல இருக்கறதால அவரு போனுக்குத்தான் போகும்.

— அவருகிட்டக் கேட்டா புதுசையே குடுங்கன்னு சொல்லுவாரே. புதுசுங்கற பேச்சையே எடுக்காத. மோட்டார் போச்சு, கம்பெனி கையை விரிச்சிருச்சுன்னு சொல்லி அந்த நம்பரை மட்டும் வாங்கிரு.

— அக்கா, கம்பெனிக்காகக் கஸ்டமர்கிட்ட தெனமும் பொய் சொல்றேன். எனக்கு வேலையே அதுதான். கஸ்டமருக்காக ஒரு தடவை கூடச் சொன்னதில்லீங்க.

— ஒருக்காச் சொல்லிப் பாரு கண்ணு. வந்துரும்.

— நான் வெட்டுனேன், தட்டுனேன்னு நீங்க சொன்னதை...

— அது அவரு காதுக்குப் போகவே கூடாது. போச்சுன்னா நான் அவரை நம்பலைன்னு ஆயிரும். ஐயோ, பஸ்ஸு வந்துருச்சு. இதை விட்டாச் சாயங்காலந்தான். சொல்லீருவீல்ல?

— சொல்லீர்றேனுங்க. பாத்து ஏறுங்கக்கா. பையை விட்டுட்டுப் போறீங்க பாருங்க!

— குடு, குடு. வர்றேன் சாமி.

— ஹலோ, ஐயாக்கண்ணு அண்ணனுங்களா? அடிவாரம் சர்வீஸ் சென்டர்ல இருந்து பென்னி பேசறேனுங்க.

— சொல்லுங்க தம்பி. ஏனுங்க, எங்க ஊட்டுல அங்க வந்தாங்களா?

— வந்துட்டு இப்பத்தான் பஸ் ஏறுனாங்க. அண்ணா, அந்த ரம்பம்...

— சரியாப் போயிருச்சுங்களா?

— இல்லீங்கண்ணா. மோட்டார் போயிருச்சு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. கம்பெனியும் கையை விரிச்சிருச்சு. உங்க போனுக்கு இப்ப ஒரு நம்பர் வரும். அதைச் சொன்னீங்கன்னா மெஷினை ஒழிச்சுக்கட்டீரலாம்.

— இருங்க தம்பி. செத்த உக்காந்துக்கறேன்.

— மனசை விட்டுறாதீங்கண்ணா.

— இல்லீங்க, இல்லீங்க. இனி ஓடவே ஓடாதுங்களா? நல்லாப் பாத்துட்டீங்களா?

— நல்லாப் பாத்துட்டேனுங்க.

— வேற மோட்டாரு கீட்டாரு மாட்டி, ஏதாச்சும்...?

— முடியாதுங்கண்ணா. அண்ணா, அழுவறீங்களா?

— சேச்சே. மூச்சு விட்டேனுங்க தம்பி.

— எனக்கு ஒரு மாதிரியா இருக்குதுங்கண்ணா. அக்கா மூணு தடவை இத்தனை தூரம் வந்திருக்காங்க. நீங்க இப்படிக் கேக்கறதைப் பாத்தா எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது. உண்மையைச் சொல்லீர்றேன். கம்பெனி உங்களுக்குப் புது மெஷினு தருதுங்க. இதைவிடப் பெரிசு. இப்ப வந்த அந்த நம்பரைச் சொல்லுங்க, சனிக்கெழமை உங்க கையில இருக்கும். திங்கக்கெழமை கரடியூர் மரத்துக்கு நீங்க போயிரலாம்.

— ஐயோ, வேண்டாஞ் சாமி! புதுசெல்லாம் அனுப்பீறாதீங்க!

— ஏனுங்கண்ணா?

— பத்தடி ஏறுனாலே எனக்குக் கீழ பாக்க முடியறதில்லீங்க தம்பி, கண்ணை மூடிக்கிட்டுத்தான் கெளையைப் புடிக்கறேன். ஆசையா வாங்கிக் குடுத்துட்டுக் கீழ நின்னு இமை கொட்டாமப் பாக்கறா, அவகிட்டப் போயி பயமா இருக்குதுன்னு எந்த வாயில சொல்லுவேன்? அதான் அவ வேலைக்குப் போன நேரம் பாத்து, நாந்தான் அந்த மோட்டாருக்குள்ள உப்புத்தண்ணிய ஊத்திட்டேனுங்க. அவகிட்ட மட்டும் சொல்லீறாதீங்க, கெட்டுப்போறப்ப எல்லாம் உடனே பஸ் ஏறித் தூக்கிக்கிட்டு ஓடியார்றா பாருங்க, அந்த ரம்பத்து மேல உசுரையே வச்சிருக்கறா.